ஸ்பானிய மொழியில் நாட்டினச் சொற்கள்: பிழை தென்படும் விதமும் சரிசெய்யும் வழியும்

ஸ்பானியம் கற்கும் தமிழ் மாணவர்களின் தாள்களைத் திருத்தும்போது, தொடக்க நிலையிலும் இடைநிலையிலும் ஒரே வகைப் பிழைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றுள் கணிசமானவை நாட்டினச் சொற்களில் நேர்பவை. ‘இந்தியர்’, ‘மெக்சிக்கர்’ என மக்களையும், ‘இந்திய’, ‘மெக்சிக்க’ எனப் பொருள்களையும் சுட்டும் இச்சொற்களை ஸ்பானியத்தில் ஹென்திலீசியோ என்பார்கள். ஒரே சொல் பெயரடையாகவும் பெயர்ச்சொல்லாகவும் பல வேளைகளில் மொழியின் பெயராகவும் வருவதால், பிழை எந்த வேலையில் நேர்ந்தது என்று முதலில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஆகவே பிழை தாளில் எப்படித் தென்படுகிறதோ அந்த வடிவத்தையே தலைப்பாக வைத்து, எளிய காரணம் முதலிலும், அகராதியையோ ஆசிரியரையோ நாட வேண்டிய காரணம் பின்னாலும் வரும்படி எழுதியிருக்கிறேன்.

ஸ்பானியச் சொற்களை லத்தீன் அமெரிக்க ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். உயிரெழுத்தின் மேல் இடும் சாய்கோட்டை அழுத்தக் குறி என்று குறிப்பிடுகிறேன்.

அறிகுறி 1: பெயர் பெண்பாலில் இருக்க, நாட்டினச் சொல் ஆண்பாலில் நிற்கிறது

‘ஸ்பானியப் பெண்’ என்பதற்கு ‘உனா ச்சிகா எஸ்பான்யோல்’ என்று எழுதியிருக்கும். ‘உனா ச்சிகா எஸ்பான்யோலா’ என்பதே சரி.

*கவனக்குறைவா என்று முதலில் பாருங்கள்.* ‘இந்திய மாணவன்’, ‘இந்திய மாணவி’, ‘இந்திய மாணவர்கள்’ என்று சொல்லும்போது தமிழில் ‘இந்திய’ என்பது அசைவதில்லை. அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. எழுதி முடித்தபின் ஒவ்வொரு நாட்டினச் சொல்லுக்கும் அடியில் கோடிட்டு, அது எந்தப் பெயரைச் சார்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். அம்பு சென்று சேரும் பெயரின் பாலும் எண்ணும் சொல்லின் இறுதியில் தெரிய வேண்டும்: மெஹிகானோ, மெஹிகானா, மெஹிகானோஸ், மெஹிகானாஸ். பெரும்பாலான பிழைகள் இந்த ஒரு சோதனையிலேயே அகப்பட்டுவிடும்.

*சொல் மெய்யெழுத்தில் முடிகிறதா?* ‘ஃபாசில்’ (எளிய), ‘அசூல்’ (நீல) போல மெய்யில் முடியும் பெயரடைகள் இருபாலுக்கும் பொது என்ற விதியை நன்றாகப் படித்த மாணவர்தாம் இங்கே தவறுகிறார்கள். நாட்டினச் சொற்கள் அந்த விதிக்கு அடங்குவதில்லை. அவை பெண்பாலில் ஆகாரத்தைச் சேர்த்துக்கொள்ளும். எஸ்பான்யோல் எஸ்பான்யோலா ஆகும். அலெமான் (ஜெர்மானியர்) அலெமானா ஆகும். ஹபோனேஸ் (ஜப்பானியர்) ஹபோனேசா ஆகும். அந்தலூஸ் (தென் ஸ்பெயினின் அந்தலூசியர்) அந்தலூசா ஆகும். மாறாமல் நிற்பவை சிலவே. பலேயாரெஸ் தீவுகளைச் சேர்ந்தவரைக் குறிக்கும் பலேயார், ஹங்கேரியரைக் குறிக்கும் மஹியார், பிரான்சின் தென்கிழக்குப் பகுதியினரைக் குறிக்கும் ப்ரொவென்சால், நம்மைக் குறிக்கும் தமீல் ஆகியவை அத்தகையவை. ஒரு தமிழ்ப் பெண் தன்னை ‘சோய் தமீல்’ என்றே சொல்ல வேண்டும். ‘தமீலா’ என்ற வடிவம் கிடையாது.

*பெயரின் பாலையே தவறாக எண்ணியிருக்கிறோமா?* நாட்டினச் சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பிழை தீராவிட்டால், பெரும்பாலும் கோளாறு பக்கத்தில் நிற்கும் பெயரில் இருக்கும். ‘இதியோமா’ (மொழி), ‘ப்ரொப்லேமா’ (சிக்கல்) இரண்டும் ஆகாரத்தில் முடிந்தாலும் ஆண்பால். எனவே ‘எல் இதியோமா எஸ்பான்யோல்’ என்பதே சரி, ‘எஸ்பான்யோலா’ என்பது பிழை. ‘மானோ’ (கை) ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பால். ‘ஆகுவா’ (தண்ணீர்) என்னும் சொல் ‘எல்’ என்ற ஆர்ட்டிகிளை ஏற்றாலும் பெண்பாலே. ‘எல் ஆகுவா ஃபிரான்சேசா’ என்றுதான் எழுத வேண்டும். ‘மக்கள்’ என்று பன்மையாக நமக்குத் தோன்றும் ‘ஹேந்தே’ ஸ்பானியத்தில் பெண்பால் ஒருமை. ஆகவே ‘லா ஹேந்தே எஸ்பான்யோலா’ என்பதே வழக்கு; ‘எஸ்பான்யோலெஸ்’ என்று பன்மையாக்குவது நான் அடிக்கடி திருத்தும் பிழைகளுள் ஒன்று. ‘பெர்சோனா’ (ஆள்), ‘வீக்திமா’ (பாதிக்கப்பட்டவர்) ஆகியவை ஆணைக் குறித்தாலும் பெண்பாலாகவே நிற்கும். விபத்தில் சிக்கிய மெக்சிக்க ஆடவரை ‘லா வீக்திமா மெஹிகானா’ என்றுதான் செய்தித்தாள் எழுதும்.

*வாக்கியத்தில் பெயரே இல்லையா?* ‘சோய் இந்தியோ’, ‘சோய் இந்தியா’ போன்ற வாக்கியங்களில் பேசுபவரே பெயரின் இடத்தில் நிற்கிறார். பாடநூலின் உரையாடலில் ஆண் சொன்னதை மாணவி அப்படியே ஒப்புவித்தால் இப்பிழை வரும். மரியாதைப் பன்மையாக நாம் ‘நீங்கள்’ என்று ஒருவரைக் கேட்பதைப்போல ‘உஸ்தேத்’ என்று விளிக்கும்போதும் சொல் அவருடைய பாலையே பின்பற்றும், எண் ஒருமைதான்.

*இரு பெயர்களுக்கு ஒரு நாட்டினச் சொல்லா?* பெண்பாலும் ஆண்பாலும் கலந்தால் ஆண்பால் பன்மை வரும்: ‘உனா பெலீகுலா இ உன் லீப்ரோ மெஹிகானோஸ்’ (ஒரு மெக்சிக்கத் திரைப்படமும் நூலும்). ஆணும் பெண்ணும் கலந்த குழுவும் அவ்வாறே. பெயர்கள் மூன்று, நான்கு என நீண்டு வாக்கியம் சிக்கலானால், ஆசிரியரைக் கேட்பதற்கு முன், வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அறிகுறி 2: மாறக்கூடாத சொல் மாறியிருக்கிறது

‘கனதியென்சா’, ‘பெல்கோ’, ‘இரானியா’ என்று தாளில் இருக்கும். முதல் விதியை அளவுக்கு மீறிப் பின்பற்றியதால் வரும் பிழை இது. சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

*ஏகாரத்தில் முடிந்தால்* பால் மாறாது: கனதியென்சே, எஸ்ததோஉனிதென்சே (அமெரிக்க ஐக்கிய நாட்டவர்), நிகராகுவென்சே, ஆரபே (அரேபியர்). பன்மைக்கு ‘ஸ்’ மட்டும் சேரும்.

*ஆகாரத்தில் முடியும் சில சொற்கள்* இருபாலுக்கும் பொது: பெல்கா, குரோவாத்தா, வியெத்நமீத்தா. பெல்ஜிய ஆடவர் ‘உன் பெல்கா’, பெல்ஜியப் பெண் ‘உனா பெல்கா’. ஆணுக்காக ‘பெல்கோ’ என்று உருவாக்கக் கூடாது.

*அழுத்தம் பெற்ற ஈகாரத்திலோ ஊகாரத்திலோ முடிந்தாலும்* பால் மாறாது: இரானீ, மர்ரொக்கீ, பாகிஸ்தானீ, இந்தூ. இவற்றுக்குப் பன்மையில் ‘இரானீயெஸ்’, ‘இரானீஸ்’ என இரு வடிவங்களும் ஏற்கப்பட்டவை. எழுத்து நடையில் முன்னதையே விரும்புகிறார்கள். தேர்வுத் தாளில் அதையே எழுதுவது பாதுகாப்பானது.

அறிகுறி 3: அழுத்தக் குறி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அல்லது வேண்டாத இடத்தில் இருக்கிறது

*விசைப்பலகையைச் சரிபாருங்கள்.* கைப்பேசியில் ஸ்பானிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால், உயிரெழுத்தை அழுத்திப் பிடித்ததும் குறியிட்ட வடிவங்கள் விரியும். குறி தெரிந்தும் இடாமல் விட்ட பிழைகள் இத்துடன் தீரும்.

*சொல்லை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.* உயிரிலோ ‘ந்’, ‘ஸ்’ ஒலிகளைத் தரும் எழுத்துகளிலோ முடியும் சொல்லில் அழுத்தம் இயல்பாக ஈற்றயல் அசையில் விழும். கடைசி அசையிலோ, ஈற்றயலுக்கும் முந்தைய அசையிலோ விழுந்தால்தான் குறி வேண்டும். ‘இங்லேஸ்’ என்பதில் கடைசி அசை அழுத்தம் பெறுவதால் குறி உண்டு. ‘இங்லேசா’, ‘இங்லேசெஸ்’ என நீளும்போது அதே அசை ஈற்றயலாகிவிடுவதால் குறி போய்விடும். அலெமானுக்குக் குறி உண்டு. அலெமானாவுக்கும் அலெமானெஸுக்கும் இல்லை. ஆண்பால் ஒருமையை மனப்பாடம் செய்து அதன்மேல் எழுத்துகளை ஒட்டுபவர்களே குறியைச் சுமந்துகொண்டு போகிறார்கள். மாறாக ‘இரானீ’, ‘இந்தூ’ ஆகியவற்றின் குறி பன்மையிலும் நீங்காது.

*நாட்டின் பெயரிலிருந்து குறி தொற்றிக்கொண்டதா?* மேஹிகோ, பெரூ, பனமா, பேல்ஹிகா ஆகிய நான்கு நாட்டுப் பெயர்களுக்கும் குறி உண்டு. மெஹிகானோ, பெருவானோ, பனமேன்யோ, பெல்கா ஆகிய நான்குக்கும் இல்லை. ஜப்பானுக்கோ இரண்டிலும் உண்டு: ஹபோன், ஹபோனேஸ். பெயரில் குறி இருப்பதை வைத்து நாட்டினச் சொல்லில் ஊகிக்கவே கூடாது.

அறிகுறி 4: நடு வாக்கியத்தில் நாட்டினச் சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறது

ஆங்கிலப் பழக்கமே காரணம். சில வேளை கைப்பேசியின் தானியங்கித் திருத்தமும் இதைச் செய்துவிடுகிறது. ஸ்பானியத்தில் நாட்டுக்கு மட்டுமே பெரிய எழுத்து. மக்களுக்கும், பெயரடைக்கும், மொழிக்கும் சிறிய எழுத்துத்தான்.

நம் நாட்டைப் பொறுத்தவரை இது வெறும் தோற்றப் பிழையன்று, பொருளையே மாற்றும். பெரிய எழுத்தில் தொடங்கும் ‘லா இந்தியா’ நம் நாடு. சிறிய எழுத்தில் தொடங்கும் ‘லா இந்தியா’ ஓர் இந்தியப் பெண். சுவிட்சர்லாந்துக்கும் சுவிஸ் பெண்ணுக்கும் பொதுவான ‘சுயிசா’விலும் இதே நிலை.

அறிகுறி 5: ஆர்ட்டிகிள் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது

*‘நான் இந்தியன்’ என்ற வாக்கியத்தில் ‘உன்’ இருந்தால்* எடுத்துவிடுங்கள். ‘சோய் இந்தியோ’ போதும். வினைச்சொல்லும் ‘சோய்’ஆகவே இருக்க வேண்டும், ‘எஸ்தோய்’ இங்கே வராது.

*நாட்டினச் சொல்லை இன்னொரு பெயரடை விரித்துரைத்தால்* ஆர்ட்டிகிள் கட்டாயம். ‘அவர் மிகவும் அறியப்பட்ட ஸ்பானியர்’ என்பது ‘எஸ் உன் எஸ்பான்யோல் முய் கொனொசீதோ’ ஆகும். இங்கே எஸ்பான்யோல் பெயரடை நிலையிலிருந்து பெயர்ச்சொல் நிலைக்கு வந்துவிட்டது.

*மக்கள் அனைவரையும் பொதுவாகச் சொன்னால்* எழுவாயாக நிற்கும் சொல்லுக்கு ஆர்ட்டிகிள் வேண்டும். ‘மெக்சிக்கர்கள் சோளம் உண்கிறார்கள்’ என்பதை ‘லோஸ் மெஹிகானோஸ் கோமென் மயீஸ்’ என்றே தொடங்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் இங்கே நமக்கு உதவுவதில்லை. இரண்டிலும் வெறும் பன்மைப் பெயரே எழுவாயாக நின்றுவிடுகிறது.

*மொழியைக் குறித்தால்* இடத்தைப் பொறுத்தது. ‘ஆப்லோ எஸ்பான்யோல்’ (ஸ்பானியம் பேசுகிறேன்), ‘என் எஸ்பான்யோல்’ (ஸ்பானியத்தில்) ஆகியவற்றில் ஆர்ட்டிகிள் வேண்டாம்; மொழியே எழுவாயானால் ‘எல் எஸ்பான்யோல்’ என்று வர வேண்டும். மொழியின் பெயர் எப்போதும் ஆண்பால் ஒருமை.

*‘லா இந்தியா’ என்று வந்து, யாரைச் சொல்கிறது என்று புரியாவிட்டால்* முந்தைய பெயரைத் தேடுங்கள். ‘மே குஸ்தா லா கொமீதா மெஹிகானா, பேரோ ப்ரெஃபியேரோ லா இந்தியா’ என்ற வாக்கியத்தில் நாடும் இல்லை, பெண்ணும் இல்லை. மெக்சிக்க உணவு பிடிக்கும், ஆனால் இந்திய உணவையே விரும்புகிறேன் என்பதுதான் பொருள். இரண்டாம் முறை ‘கொமீதா’ மறைந்துவிட்டது. ஆர்ட்டிகிளும் இறுதி ஆகாரமும் அந்த மறைந்த பெயருக்கு உரியவை. எழுதும்போதும் இதையே செய்யுங்கள்: மறைத்த பெயரை மனத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்து, அதன் பாலுக்கு ஆர்ட்டிகிளைப் பொருத்துங்கள். ஏகாரத்தில் முடியும் சொற்களில் பாலைக் காட்டுவது ஆர்ட்டிகிள் ஒன்றே என்பதால், ‘எல் கனதியென்சே’, ‘லா கனதியென்சே’ ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை.

நாட்டினச் சொல் பெயருக்கு முன்னால் வந்திருந்தால், எடுத்துப் பின்னால் வையுங்கள். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அறிகுறி 6: அகராதியில் இல்லாத சொல்

நாட்டின் பெயரோடு ‘ஆனோ’வை ஒட்டி ஊகித்திருப்பார்கள். எந்த ஈறு எந்த நாட்டுக்கு என்று சொல்ல நம்பகமான விதி இல்லை. கோஸ்தாரீக்காவுக்குக் கோஸ்தரிசென்சே, புவெர்தோரீக்கோவுக்குப் புவெர்தோரிக்கேன்யோ. ஒரே ‘ரீக்கா’, ‘ரீக்கோ’ இருந்தும் ஈறுகள் வேறு. குவாத்தமாலாவுக்குக் குவாத்தெமால்தேக்கோ, டென்மார்க்குக்குத் தானேஸ், மடகாஸ்கருக்கு மல்காச்சே.

தமிழ் வாசகர்களுக்குத் தேவைப்படுபவற்றைத் தனியே சொல்லிவிடுகிறேன். இலங்கையருக்கு எஸ்ரிலங்கேஸ், சிலோன் என்ற பழம்பெயரை ஒட்டிய செய்லனேஸ் என்பதும் வழக்கில் உண்டு. சிங்கப்பூரருக்குச் சிங்கபுரென்சே. மலேசியக் குடிமகன் மலாசியோ; மலாயோ என்றால் மலாய் இனத்தவர். மலேசியத் தமிழர் ஒருவர் ‘சோய் மலாயோ’ என்றால் தம் இனத்தையே மாற்றிச் சொன்னவர் ஆவார். இதுபோலவே இன்றைய இஸ்ரேல் நாட்டவர் இஸ்ராயெலீ. இஸ்ராயெலீத்தா என்பது விவிலியக் காலத்து மக்களுக்கு உரியது.

சந்தேகம் வந்தால் 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியைப் பாருங்கள். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அக்கழகம் 2010-இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலின் பின்னிணைப்பில் நாடுகள், தலைநகரங்கள், அவற்றுக்கான நாட்டினச் சொற்கள் ஆகியவை பட்டியலாகவே உள்ளன.

அறிகுறி 7: இலக்கணம் சரி, ஆனால் கேட்பவர் தயங்குகிறார் அல்லது தவறாகப் புரிந்துகொள்கிறார்

இந்தியர்களுக்கு இதுவே மிகவும் முக்கியமான பகுதி என்று கருதுகிறேன். 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்து, தாம் ஆசியாவுக்கு வந்துவிட்டதாக எண்ணியதன் விளைவாக, அங்கிருந்த பழங்குடி மக்களுக்கு ‘இந்தியோ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலை நாடுகளிலும் அச்சொல் இழிவுப் பொருள் ஏறி, வசையாகவும் வழங்கலாயிற்று. மதிப்பாகப் பேசுபவர்கள் ‘இந்தீஹெனா’ என்பார்கள். பெருவில் ஹுவான் வெலாஸ்கோ அல்வராதோவின் அரசு 1969-இல் வேளாண் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஜூன் 24 அன்று கொண்டாடப்பட்டுவந்த ‘இந்தியோ நாள்’ என்பதை ‘உழவர் நாள்’ என மாற்றியது; அச்சொல்லின் பாரம் அத்தகையது.

எனவே ‘சோய் இந்தியோ’ என்பது இலக்கணப்படி முற்றிலும் சரியாக இருந்தும், லத்தீன் அமெரிக்காவில் கேட்பவர் ஒரு கணம் குழம்பக்கூடும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க அங்கே பலர் நம்மை ‘இந்தூ’ என்கிறார்கள். இந்தியாவைச் சேர்ந்தவர் என்ற பொருளையும் அகராதி அச்சொல்லுக்கு அளிக்கிறது. ஆனால் அதே சொல் இந்து சமயத்தவரையும் குறிப்பதால், ஒரு முஸ்லிமுக்கோ கிறித்தவருக்கோ அது பொருந்தாது. சமயத்தைப் பற்றிய பேச்சில் யாருக்கும் அது தெளிவைத் தராது.

பின்வரும் வரிசையில் முயலுங்கள். நேர்ப்பேச்சில் ‘சோய் தே லா இந்தியா’, அதாவது ‘இந்தியாவிலிருந்து வருகிறேன்’ என்பதே ஐயத்துக்கு இடமற்றது. பால் வேறுபாடும் இதில் தேவைப்படாது. உணவு, திரைப்படம், துணி போன்றவற்றுக்கு ‘இந்தியோ’, ‘இந்தியா’ என்ற பெயரடையைத் தயங்காமல் பயன்படுத்தலாம், ஏனெனில் சூழலே பொருளை விளக்கிவிடும். கட்டுரையில் மக்களைக் குறிக்கும்போது, முதல் வாக்கியத்தில் நாட்டின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறகு ‘லோஸ் இந்தியோஸ்’ என்று தொடருங்கள். லத்தீன் அமெரிக்க வாசகர்களுக்காக அச்சில் வரப்போகும் எழுத்தாயின், அந்தந்த நாட்டைச் சேர்ந்த ஒருவர் படித்துப் பார்க்காமல் வெளியிட வேண்டாம். இதை எந்த அகராதியும் ஈடுசெய்யாது.

அமெரிக்க ஐக்கிய நாட்டவரை ‘அமெரிக்கானோ’ என்பதும் இவ்வாறான சிக்கலே. தாங்களும் அமெரிக்கக் கண்டத்தவர் என்று கருதும் லத்தீன் அமெரிக்கர்கள் இதை விரும்புவதில்லை. ‘எஸ்ததோஉனிதென்சே’ என்பதே பொருத்தமானது.

அறிகுறி 8: இரு நாட்டினச் சொற்கள் இணைந்த தொடரில் இரண்டுமே பால் மாறியிருக்கின்றன

1904–1905-இல் நடந்த ரஷ்ய ஜப்பானியப் போரை ‘லா கேர்ரா ரூசா-ஹபோனேசா’ என எழுதியிருப்பார்கள். இடையில் சிறுகோடு இருந்தால் முதற்சொல் ஆண்பால் ஒருமையிலேயே நிற்கும். இரண்டாவது மட்டுமே பெயரோடு இயையும்: ‘ரூசோ-ஹபோனேசா’. சில நாடுகளுக்கு இணைப்பில் வரும் குறுவடிவங்கள் உண்டு. பிரான்சுக்கு ‘ஃபிரான்கோ’, ஸ்பெயினுக்கு ‘இஸ்பானோ’. இணைப்பில் அவை எப்போதுமே மாறுவதில்லை.

அறிகுறி 9: படிவத்தில் ‘நசியொனலிதாத்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை

நசியொனலிதாத் என்ற சொல்லே பெண்பால். ‘தே நசியொனலிதாத் இந்தியா’ என்ற தொடரில் நாட்டினச் சொல் அப்பெயரோடு இயைவதால், விண்ணப்பிப்பவர் ஆணாக இருந்தாலும் ‘இந்தியா’ என்ற பெண்பால் வடிவமே வரும். கட்டத்திலும் அதையே நிரப்பலாம். ‘சியுததானோ’, அதாவது குடிமகன் என்ற சொல்லோடு எழுதினால், ஆணுக்கு ‘சியுததானோ இந்தியோ’, பெண்ணுக்கு ‘சியுததானா இந்தியா’. பிறந்த நாட்டைக் கேட்கும் கட்டம் வேறு. அங்கே நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். படிவம் முழுவதையும் பெரிய எழுத்துகளில் நிரப்பச் சொல்லியிருந்தால் இரு கட்டங்களிலும் ஒரே தோற்றமுள்ள சொல்லே அமையும், கவலை வேண்டாம்.

படிவத்தை நீங்களே நிரப்பலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நீதிமன்ற ஆவணம் போன்றவற்றை ஸ்பானியத்தில் தர வேண்டிய நிலை வந்தால், மொழி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சொந்தமாக மொழிபெயர்க்க முயலாதீர்கள். ஸ்பெயினில் அவ்வேலைக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பட்டம் பெற்ற ஆணைமொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோவில் ‘பெரீத்தோ த்ரதுக்தோர்’ எனப்படும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் அங்கீகாரத்தை இன்னொரு நாடு ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், பணம் கட்டுவதற்கு முன், ஆவணத்தைப் பெறப்போகும் அலுவலகத்திடம் யாருடைய மொழிபெயர்ப்பை ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.